திட்டு வாங்கிய போன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து ஷைஸ்தா கதவைத் தட்டியபோது, உள்ளேயிருந்து அவள் அம்மா கேட்ட கேள்வி சரியாக இல்லை.

"யாரு?"

"நான்தாம்மா, ஷைஸ்தா!"

தாழ்ப்பாள் விலகவில்லை. பிறகு கதவுக்குப் பின்னால், பலகையில் வாயை வைத்துப் பேசுவதுபோல, ரொம்பக் கிட்டத்தில் குரல் வந்தது. "எந்த ஷைஸ்தா?"

எட்டு மணி நேரம் நின்றபடி அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிவிட்டு, சேதராப்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வில்லியனூர் வந்து சேர்ந்தவளுக்கு அதில் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. "எத்தினி ஷைஸ்தாவ பெத்து வச்சிருக்க நீ? தொறம்மா!" என்று கத்தினாள். தாழ்ப்பாள் விலகியது. ஜொஹரா பீவி மகளின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றாள். வீட்டுக்குள் ஊசிப்போன சோற்றின் வாடை அடித்தது.

ஜொஹரா பீவிக்கு எழுபத்தாறு வயது. மூட்டு வலி, காது மந்தம். செல்போன் பேச்சு அவளுக்குப் பிடிபடாது. குவைத்தில் இருக்கும் மகன் தமீம் அன்சாரி, சத்தம் கூட்டி வைக்கிற லேண்ட்லைன் போன் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போனதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டான். மற்றதெல்லாம் ஷைஸ்தாவின் தலையில் விழுந்தது. புருஷன் விட்டுப் போனவள்தானே, அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொந்தக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். கம்பெனிக்குள் செல்போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். டீ நேரத்துப் பத்து நிமிஷத்தில்தான் அவள் வீட்டுக்குப் பேசுவாள். மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா, கேஸை மூடினாயா. மெதுவாகக் கேட்டால் அம்மாவுக்குக் கேட்காது. சத்தமாகக் கேட்கப் போனால் அது எப்படியோ திட்டாகத்தான் போய் முடியும்.

அந்த போனைத்தான் விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது தடவை. எடுத்தால் தேன் தடவிய ஒரு பெண் குரல். "வாழ்த்துகள்! உங்களுக்காகவே ஒரு சிறப்புச் சலுகை. தொடர ஒன்றை அழுத்தவும்." அது பதிவு செய்த குரல் என்று எத்தனை முறை சொன்னாலும் ஜொஹரா பீவி ஒவ்வொன்றையும் எடுத்து, "யாருங்க? நல்லா இருக்கீங்களா?" என்று விசாரிப்பாள். ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுகையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், போன் மணி விடாமல் அடித்ததால் தொழுகையை முடித்ததும் முடிக்காததுமாக எழுந்து ஓடி, காலிடறி விழுந்து இடுப்பில் அடிபட்டாள்.

ஷைஸ்தா லீவு போட்டுவிட்டு போன் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டாள். அங்கிருந்த குமரவேல் என்பவர் பாவமாகப் பார்த்தார். "அது மனுசன் இல்லம்மா, மிஷினு. ஒரு நம்பர நிறுத்துனா இன்னொரு நம்பர்ல வரும். மிஷினுகிட்ட போயி நாம இன்னா சொல்றது?"

என்ன சொல்வது என்று அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து ஒன்பதாவது தடவையாக மணி அடித்தபோது, ரிசீவரைப் பிடுங்கி எடுத்தவள் நிறுத்தவே இல்லை. "உனக்கெல்லாம் தாய் தகப்பன் இல்லியா? நாசமா போவ நீ!" என்று ஆரம்பித்தது எங்கெங்கோ போனது. சூப்பர்வைசரை, தம்பியை, ஓடிப்போன புருஷனை, எல்லோரையும் அந்தக் குரலிடமே திட்டித் தீர்த்தாள். கடைசியில், "இந்தக் கெழவி ஒரு பக்கம். வுழுந்து வுழுந்து எந்திரிக்குது, சாவவும் மாட்டேங்குது!" என்றாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். அந்தத் தேன் குரல் பேச்சை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. லைன் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம், மூச்சை அடக்கிக்கொண்டு யாரோ உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற ஒரு அமைதி. பிறகு, "நன்றி," என்றது குரல். "இது போதும்."

மறுநாளிலிருந்து அவள் வீட்டில் இருக்கும் நேரங்களில் ஒரு விளம்பரம்கூட வரவில்லை. ஷைஸ்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திட்டினால் மிஷினுக்குக்கூடப் புத்தி வருகிறது என்று கம்பெனியில் சொல்லிச் சிரித்தாள்.

அது நடந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அந்த வெள்ளிக்கிழமை.

உள்ளே வந்தவள் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள். காலையில் வடித்தது அப்படியே இருந்தது. "ஏன் துன்னல?" என்றாள். அம்மா நின்றுகொண்டே இருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் கால்கள் இரண்டும் கணுக்கால் தெரியாமல் வீங்கியிருந்தன.

"ஒக்காரேம்மா! எதுக்கு நிக்கிற?"

"ஒக்காரலாமா?" என்று கேட்டாள் ஜொஹரா பீவி.

"இன்னா பேசுற நீ?"

"நீதான சொன்ன. நான் வர்ற வரிக்கும் நின்னுனே இரு, ஒக்காந்தா எனக்குத் தெரியும்னு. சோத்துல கை வைக்காதன்னு சொன்ன."

"நானா? எப்ப சொன்னேன்?"

"போன்ல. தெனமுந்தான் சொல்ற." அம்மா போனைக் கை காட்டினாள். "ஏண்டி, உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

வயதானால் புத்தி தடுமாறும் என்று ஷைஸ்தா அறிந்திருந்தாள். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனிடம் போய், அதன் சின்னத் திரையில் வந்த அழைப்புகளின் பட்டியலைப் புரட்டினாள். பதினொன்று இருபது. ஒன்று நாற்பது. மூன்று ஐந்து. எல்லாவற்றுக்கும் நேராக ஒரே ஒரு நம்பர். அவளுடைய செல் நம்பர்.

டீ நேரம் அல்லாத அந்த நேரங்களில் அவள் செல்போன் லாக்கரில் பூட்டிக் கிடந்தது. சாவி அவள் கழுத்துக் கயிற்றில் இருந்தது.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. கோபம் தூங்க விடவில்லை. எவனோ ஒருவன் தன் குரலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கிழவியை வதைக்கிறான். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், பேசுகிற வாயைக் கிழிக்க வேண்டும், பிறகு போலீஸ். அவள் நினைப்பு அப்படித்தான் ஓடியது. சனிக்கிழமை வேலைக்குப் போவதுபோலக் கிளம்பிப் போய், அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் ஒன்றரை மணிக்கு யாரிடமும் சொல்லாமல் திரும்பி வந்தாள்.

தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை. எந்த வீட்டிலும் மின்விசிறியின் சத்தமோ டிவியின் சத்தமோ கேட்கவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்து, சாத்தியிருந்த கதவைத் தள்ளி அடுப்படிக்குள் நுழைந்தாள். இருட்டுக்குக் கண் பழகுவதற்கு முன்பே காதில் விழுந்தது.

"சரிம்மா. சரிம்மா. திட்டாதம்மா."

கூடத்தில் அம்மா போனுக்கு முன்னால் நின்றிருந்தாள். ஸ்டூலின் மேல் முருங்கைக்காய் நறுக்கிய தட்டும் கத்தியும். காலடியில் தரை ஈரமாக இருந்தது. மூத்திர வாடை. ஒன்றுக்குப் போகக்கூட அவளுக்கு உத்தரவு கிடைத்திருக்கவில்லை.

ஷைஸ்தாவின் உடம்பெல்லாம் எரிந்தது. பாய்ந்து போய் ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"யாருடா நீ? பொறம்போக்கு, உன்ன..."

"அம்மா," என்றது அந்தப் பக்கம். அவளுடைய குரல். அவளுக்கே உரிய அந்த அவசரம், வாக்கியத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சும் அந்தப் பழக்கம், எல்லாம் அப்படியே. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பேசிய பேச்சு அல்ல. புதிய பேச்சு. "அம்மா, வூட்டுக்குள்ள யாரு வந்துருக்கா? நான் இன்னும் கம்பெனிலதான இருக்கேன்!"

ரிசீவர் அவள் கையிலிருந்து நழுவியது. சுருள் கம்பியில் தொங்கி ஆடியது. சத்தம் கூட்டி வைத்த போன் அது. அவள் குரல் கூடம் முழுவதும் கேட்டது. "எடும்மா! அதும் மூஞ்ச பாக்காத. போன எடு!"

வளையாத முழங்காலை வளைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஜொஹரா பீவி ரிசீவரை எடுத்தாள்.

லைனைத் துண்டிக்க ஷைஸ்தா கை நீட்டினாள்.

"அம்மா, கை நீட்டுது!"

அம்மா பளீரென்று அந்தக் கையில் அடித்தாள். வாழ்நாளில் மகளை அடித்திராத கை.

ஷைஸ்தாவுக்குள் என்னவோ அறுந்தது. கோபத்தைத் தேடினாள். நெஞ்சில் இல்லை. தொண்டையில் இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக விடிந்ததும் கூடவே எழுந்து வந்த கோபம், இப்போது வேண்டும்போது, எங்கேயும் இல்லை. அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா. நான்தாம்மா. நான்தான் உன் பொண்ணு. பயப்படாதம்மா. என்னப் பாரும்மா."

இத்தனை மெதுவாக அவள் அம்மாவிடம் பேசியதே இல்லை.

ஜொஹரா பீவி ஒரு நிமிஷம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி போனிடம் சொன்னாள். "இல்லம்மா. இது நீ இல்ல. இது தன்மையா பேசுது."

"கண்ண மூடிக்க," என்றது போன். "அது எங்க நிக்குதுன்னு நான் சொல்றேன்."

"சரிம்மா."

அம்மா கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். இடது கையில் ரிசீவர். வலது கை தட்டைத் தடவியது. முருங்கைக்காய்த் துண்டுகள் தரையில் உருண்டன. கத்தி அகப்பட்டது.

ஷைஸ்தா பின்னால் நகர்ந்தாள். கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முதுகில் சுவர் இடித்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மூச்சை நிறுத்தினாள்.

போன் குரலைத் தாழ்த்தியது. என்ன சொல்கிறது என்று இப்போது கேட்கவில்லை. அம்மா மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கமா? இன்னும் கொஞ்சமா?"

கத்தியின் முனை மெல்லத் திரும்பி, ஷைஸ்தாவின் வயிற்றுக்கு நேராக வந்து நின்றது.

அவள் சத்தமில்லாமல் ஒரு அடி இடது பக்கம் நகர்ந்தாள். வெறுங்கால். சிமெண்டுத் தரை. காது மந்தமான அம்மாவுக்கு அது கேட்டிருக்க வழியே இல்லை.

"சரிம்மா," என்றாள் ஜொஹரா பீவி.

கத்தியும் நகர்ந்தது.