உள்ளங்காலில் ஒரு முடி

வாடிக்கையாளர்களுக்குப் பின்னந்தலையைக் காட்டுகிற கைக்கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, அதற்கு மேலே ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் பூக்கைக்காரர் காலையில் கடையின் ஷட்டரைத் தூக்குவார். அன்றைக்கு வலது கட்டைவிரலுக்குக் கீழே, தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்த இடத்தில், ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

முடி ஒட்டியிருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வருஷமாக முடிவெட்டும் கடை. கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில்தான் குடித்தனம். துண்டு முடி காது மடலில் இருக்கும், சட்டைக் காலரில் இருக்கும், சில நாள் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூட வந்துவிடும். ஆனால் விரலால் துடைத்தபோது இது போகவில்லை. நுனியைப் பிடித்து இழுத்தார். வந்தது. மேலும் வந்தது. ஒரு சாண் நீளம் வந்த பிறகுதான் அறுந்து கையில் விழுந்தது.

அவர் கடை ஆண்களுக்கு மட்டுமானது. கழுத்தைத் தாண்டி முடி வளர்த்த எவனும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது.

கத்தி வைப்பதே தெரியாத கை என்று பெயர் எடுத்தவர். பூக்கைக்காரர் என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். இப்போது அவர் காலுக்குத்தான் எதுவும் தெரியவில்லை. சர்க்கரை வியாதி வந்து பதினாறு வருஷம். முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. பிறகு படுத்தால் போதும், பாதம் இரண்டையும் தணலில் வைத்ததுபோல எரிச்சல், நடுநடுவே கம்பி இழுத்ததுபோல வெட்டு. போர்வையின் நுனி பட்டால்கூடத் துள்ளி எழுவார். அந்த எரிச்சலுக்கு நடுவிலேயே பாதம் மரத்துக்கொண்டு வந்தது. பஞ்சின் மேல் நடப்பதுபோல இருக்கும். போன வருஷம் செருப்புக்குள் கிடந்த திருகாணியோடு சாயங்காலம் வரை நின்று வேலை பார்த்திருக்கிறார். செருப்பைக் கழற்றியபோது வந்த ஈரத்தைத் தண்ணீர் என்றுதான் நினைத்தார். வலிக்க வேண்டிய இடத்தில் வலி இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் உயிர் போகிற வலி. இதை யாரிடம் சொன்னாலும் முழிப்பார்கள்.

மனைவி இருந்த வரைக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை. தினமும் கடை மூடியதும் அவர் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் இடுக்கு ஒன்று விடாமல் டார்ச் அடித்துப் பார்ப்பாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தக் கால்களைத் தொட்ட ஒரே ஆள், மருத்துவமனையில் கட்டுப் போடும் நர்ஸ்; அதுவும் கையுறை போட்டுக்கொண்டு.

இரண்டாவது முடியும் மூன்றாவதும் அதே வாரத்தில் வந்தபோது அந்த நர்ஸிடம்தான் போனார். நர்ஸ் காய்ப்பைச் சீவி எடுத்தார். அடியில் ஒரு துளை இருந்தது. மிளகு அளவுதான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, முடிவெட்டுகிறவர்களுக்கு இது வருவதுதான் என்றார். வெட்டி விழுகிற முடி ஊசிமாதிரி தோலுக்குள் இறங்கிவிடும், மற்றவர்கள் என்றால் குத்துகிறதே என்று அன்றைக்கே எடுத்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாது. இடுக்கியால் துண்டு முடிகள் ஏழெட்டை எடுத்துத் தட்டில் வைத்தார். ஒன்பதாவதை எடுக்கும்போது அவர் கை நின்றது. இழுத்துக்கொண்டே வந்தவர் இடுக்கியைத் தலைக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது.

"வீட்டுல பொம்பளைங்க யாராச்சும் இருக்காங்களாய்யா?"

"இல்லம்மா. நான் ஒத்தைக்கட்டை."

நர்ஸ் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, உணர்ச்சி சோதிக்கிற மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தவர், ஓர் இடத்தில், "இப்ப தெரியுதும்மா" என்றார். "விரலால புடிச்சிருக்கீங்க. குதிகால்கிட்ட."

கண்ணைத் திறந்தார். நர்ஸ் அறையின் அந்தக் கோடியில், குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

நரம்பு அப்படித்தான், இல்லாததை எல்லாம் சொல்லும் என்றார் நர்ஸ். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் பார்க்க வேண்டும், புண் எலும்பைத் தொட்டுவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், சில சமயம் விரலோடு நிற்காது. அடுத்த வாரம் டாக்டர் திறந்து பார்ப்பார் என்று தேதி எழுதிக் கொடுத்தார்.

நின்றுகொண்டே பிழைக்கிற பிழைப்பு. அவர் கடையைத் தண்ணீர் விட்டு மும்முறை கழுவினார். வெளியூரில் இருக்கும் மகள் அனுப்பிய கனமான ஷூவையும் சாக்ஸையும் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தலை முடிந்ததும் ஒரு துணுக்கு விடாமல் பெருக்கினார். முட்டிவலிக்காரரான ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருத்தர், வாராவாரம் சவரத்துக்கு வருகிறவர், ஷூவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க காலை ரெண்டு நாளைக்குக் குடுங்க மாஸ்டர். என் முட்டிய நீங்க வச்சுக்குங்க. எனக்கும் வலிக்காம இருந்து பாக்கணும்."

பூக்கைக்காரரும் சிரித்தார். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றித் திருப்பியபோது உள்பக்கம் முழுக்க நீள நீளமாக முடி சுற்றிக் கிடந்தது. மகள் வழக்கம்போல ஃபோனில், "காலைப் பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாள். பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றார். அவளுக்குக் குழந்தைக்கு ஜுரம். ஃபோனை வைத்த பிறகு அறை எவ்வளவு சின்னது என்பதும், அதிலும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதும் அவருக்கு உறைத்தது.

ஆள் வராத மத்தியான வேளைகளில், வாடிக்கையாளர் நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணயர்வது உண்டு. மின்விசிறியின் கறகறப்பும், வெந்நீர்ச் சட்டியின் சூடும், பவுடர், சவரச்சோப்பு, ஈரத்துண்டு எல்லாம் கலந்த அந்தப் பழைய வாசனையும் தாலாட்டுவதுபோல இருக்கும். அப்படி ஒருநாள் அரைத்தூக்கத்தில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. நெருக்கமான பல் வைத்த சீப்பு, நீளமான முடியில், வேரிலிருந்து நுனி வரைக்கும் நிதானமாக இறங்குகிற சத்தம். சிக்கில் மாட்டி நிற்கும். கொஞ்சம் பின்வாங்கும். மறுபடி இறங்கும். அவர் காது அதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ளாது. எழுந்து கடை முழுக்கத் தேடினார், பின்னறையைப் பார்த்தார், தெருவை எட்டிப் பார்த்தார். அவர் நடந்தபோது சத்தமும் கூடவே நடந்தது. நின்றபோதுதான் புரிந்தது, அது கீழேயிருந்து வந்தது. அவருடைய வலது கெண்டைக்காலுக்குள் இருந்து.

நரம்பு என்று சொல்லிக்கொண்டார். இல்லாததை எல்லாம் சொல்லும்.

மரப்பு அந்த வாரத்தில் ஏறிவிட்டிருந்தது. கணுக்கால் வரை இருந்தது முட்டிக்குக் கீழே வந்தது. கிள்ளிப் பார்த்தார். வேறொருவர் காலைக் கிள்ளுவதுபோல இருந்தது.

டாக்டர் திறந்து பார்ப்பதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் வார விடுமுறை. கடை மூடியிருந்தது. ஷட்டரின் ஓட்டைகள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாகத் தரையில் விழுந்து கிடந்தது. இன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நாளைக்கு டாக்டருக்கு எடுப்பதற்கு எதுவும் இருக்காது, விரலும் தப்பும் என்று அவருக்குத் தோன்றியது. கைகழுவி, இடுக்கியைக் கொதிக்க வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை இடது தொடை மேல் மடித்துப் போட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தார்.

துளை பெரிதாகியிருந்தது. உள்ளே சிவப்பாக இல்லை, கறுப்பாக இருந்தது. இடுக்கியைவிட்டுப் பிடித்தார்.

இந்த முறை ஒன்றிரண்டாக வரவில்லை. கொத்தாக வந்தது.

இழுத்தார். ஒரு சாண். ஒரு முழம். முதலில் வந்தது கறுப்பு. போகப் போக நரை கலந்தது. கையில் சுற்றிக்கொண்டு இழுத்தபோது ஒரு வாசனை எழுந்தது. எண்ணெய் வாசனை, அதற்கு அடியில் ஆஸ்பத்திரி மருந்து வாசனை. இந்த முடியை அவருக்குத் தெரியும்.

மனைவிக்கு நோய் கண்ட வருஷம், மருந்து ஏற்றினால் முடி கொத்துக் கொத்தாக உதிரும் என்று சொல்லியிருந்தார்கள். உதிர்வதைப் பார்க்கத் தன்னால் முடியாது, நீங்களே எடுத்துவிடுங்கள் என்றாள். இதேபோல ஒரு விடுமுறை நாளில், ஷட்டரை இறக்கிவிட்டு, இந்த நாற்காலியில்தான் உட்கார வைத்தார். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல். கத்தரியில் ஆரம்பித்துக் கத்தியில் முடித்தார். ஒரு கீறல் இல்லை. கத்தி பட்டதே தெரியவில்லை என்றாள். பிறகு முப்பது வருஷத்துக்கு மேலான பழக்கத்தில் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கி, மற்றவர்கள் முடியோடு சேர்த்து மூட்டையில் போட்டு, விடிகாலையில் குப்பை வண்டியில் கொடுத்துவிட்டார். காலையில் அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, மூலை மூலையாகப் பார்த்தாள்.

"என் முடி எங்கங்க?"

அவர் சொன்னார்.

"சரி," என்றாள். தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் வச்சுக்கலாம்னு இருந்தேன்."

அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. சாகும்வரை சாயங்காலமானால் அந்த மொட்டைத்தலையைக் குனிந்துகொண்டு அவர் உள்ளங்காலைப் பார்த்தாள். அவரால்தான் அந்தத் தலையைப் பார்க்க முடியவில்லை. ஒரு தடவைகூட அதை அவர் தடவிக் கொடுக்கவில்லை.

இழுத்த முடி மடி நிறைந்து தரைக்குச் சரிந்திருந்தது. நிறுத்தியிருக்கலாம். ஃபோனை எடுத்திருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கடைசி இழை வரைக்கும். விரல்களில் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு மேலும் இழுத்தார்.

வரவில்லை. மாட்டிக்கொண்டது.

பலமாக இழுத்தார். அப்போது தெரிந்தது. மரத்துப் போன காலில், கெண்டைக்கால் ஆழத்தில், முட்டிக்குப் பின்னால், வெகு துல்லியமாகத் தெரிந்தது. எரிச்சல் இல்லை. எறும்பு இல்லை. யாரோ மறுமுனையைப் பிடித்திருந்தார்கள்.

கையை விட்டார். விரல்களில் முடி விடவில்லை. சுற்றியது சுற்றியபடி இருந்தது.

உள்ளே போக ஆரம்பித்தது.

மெதுவாகத்தான். அவசரமே இல்லாமல். தரையில் கிடந்தது முதலில். சரசரவென்று ஏறி வந்தது. பிறகு மடியில் இருந்தது. வெட்டலாம் என்றால் கத்தரி மேஜை மேல் இருந்தது. இடது கை எட்டவில்லை. எழ முயன்றார். கால் அவருடையதாக இல்லை. ஷட்டருக்கு வெளியே இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. நிழல்கள் நகர்ந்தன. தெரு அமைதியாகிவிட்டது.

மடி காலியானது.

வலது கை காலை நோக்கிப் போயிற்று. அவர் பின்னுக்கு இழுத்தார். கை போயிற்று. முதுகு வளைந்தது. நகம் துளையின் விளிம்பைத் தொட்டது. விளிம்பு விலகிக் கொடுத்தது. வலி இல்லை. துளி ரத்தம் இல்லை. முதல் கணு. இரண்டாவது கணு. நான்கு விரல்களும். மணிக்கட்டு வரைக்கும்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

விரல்கள் எதன் மேலோ பட்டன. உருண்டையாக. மெல்லிய தோல் மூடி. மேலெல்லாம் சொரசொரப்பு. அந்தக் கைக்கு அது தெரியாமல் போகாது. கத்தி பட்டு இரண்டு நாள் ஆன தலை.

அவர் மூச்சுவிடவில்லை. விரல்களை அசைக்கவில்லை. அது கொஞ்ச நேரம் அவர் உள்ளங்கைக்கு அடியில் அசையாமல் இருந்தது. பிறகு, முடிவெட்டுகிறவன் கைக்கு வாகாகத் தலையைக் காட்டிக் கொடுப்பவர்களைப்போல, மெல்ல மறுபக்கம் திரும்பிக் கொடுத்தது.