பார்க்காமல் கொடுத்த மருந்து

முதியோர் இல்லத்தின் கதவைத் திறந்ததுமே டாக்டர் கர்ட்டிஸ் நைகார்டுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆறிப்போன காப்பியும் தரை துடைக்கும் மருந்தும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில், லேசான இனிப்போடு, குதிரை லாயத்தை நினைவூட்டும் ஒரு நாற்றம், சூடேற்றிய காற்றில் மிதந்து வந்து அவருடைய பனி படிந்த கோட்டுக்குள் நுழைந்து கழுத்துவரை ஏறியது. அது என்ன நாற்றம் என்று அவருக்குத் தெரியும். எந்த அறையிலிருந்து வருகிறது என்பதும் தெரியும்.

நர்ஸ் லூவான் மஞ்சள் அங்கியையும் கையுறையையும் நீட்டினாள். "ஆர்லீனோட மக வந்திருக்காங்க டாக்டர். பாவம், ஃபார்கோலேர்ந்து இந்தப் பனியில தனியா வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"என்னவாம்?"

"நன்றி சொல்லணுமாம்."

திட்ட வேண்டும் என்றிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டார்.

ஆர்லீன் ப்ரோஸ்ட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எல்லோரையும் ஏசியிருக்கிறார். சிறுநீரிலும் நாற்றம் என்றார்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. லூவான் போனில் கேட்டபோது கர்ட்டிஸ் ஒரே மூச்சில் ஆன்டிபயாடிக் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வந்து பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர் அப்படிச் சொன்னது அது முதல் முறையும் அல்ல. மருந்து ஆர்லீனின் குடலில் இருந்த நல்ல கிருமிகளையெல்லாம் அழித்தது. தப்பிய கெட்ட கிருமி பெருகி, இப்போது அவரை உள்ளேயிருந்து அரித்துக்கொண்டிருந்தது. வாசல்வரை வந்த நாற்றம் அது உண்டாக்கிய பேதியுடையது.

அறையில் ஒரு சிறிய விளக்குதான் எரிந்தது. சாயங்காலமே இருட்டிவிட்ட ஜன்னலில் பனி உரசிக்கொண்டிருந்தது. மகள் டானெட் எழுந்து நின்றாள்.

"அம்மாவுக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்க டாக்டர். போன்லயே புரிஞ்சுக்கிட்டு உடனே மருந்து குடுத்தீங்களாமே."

அவர் தலை தானாக அசைந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அந்த வாரந்தான் எதுத்த ரூம் ஹேஸல் செத்துப்போனாங்க. அம்மாவுக்கு அவங்கன்னா உசுரு. 'அவ நாற்காலில எவளையோ கொண்டாந்து உக்கார வச்சுட்டாளுங்கடி, எனக்கு எப்படி சோறு எறங்கும்'னு போன்ல அழுதாங்க. அதான் தட்டத் தள்ளிட்டாங்கன்னு நெனச்சேன். அது நோயா டாக்டர்?"

இல்லை. அந்த ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது.

"சிறுநீர்ல கிருமி இருந்துச்சு. வயசானவங்களுக்கு அது இப்படித்தான் வெளிய தெரியும்."

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க." அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறையையும் மீறி அந்தப் பிடி சுட்டது. அவர் பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினார்.

கட்டிலில் ஆர்லீனின் மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. சுவரோரக் கணப்பு டக் டக்கென்றது. மூச்சு நின்றது.

மறுபடி இழுக்கவில்லை.

"டாக்டர்?"

அந்த அறைக்கென்றே தொங்கவிட்டிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து ஆர்லீனின் நெஞ்சில் வைத்தார். துடிப்பு இல்லை. காத்திருந்தார். ஒன்றுமில்லை.

பிறகு, வெகு ஆழத்தில், ஒரு இரைச்சல்.

குடல் அடங்கும் சத்தமாக இருக்கும். இல்லை. கூட்டம். பெருங்கூட்டம் ஒன்றின் ஆரவாரம். பனித்தரையைக் கீறும் இரும்பு. விசில்.

அவர் மகனின் ஐஸ் ஹாக்கி ஆட்டம். லூவான் போன் செய்த அன்று அவர் அங்கேதான் இருந்தார்.

யாரோ மென்றுகொண்டே பேசினார்கள்.

"ஏதாவது ஆன்டிபயாடிக் போட்டுவிடுங்க. யாரு, ஆர்லீனா? யாரா இருந்தா என்ன, குடுங்க."

அவருடைய குரல்.

கையை எடுத்தார். அறை நிசப்தம். மறுபடி வைத்தார்.

"யாரா இருந்தா என்ன."

 

"நின்னுடுச்சா?" டானெட் மெல்லக் கேட்டாள்.

"ஆமா."

"நானும் ஒரு தடவ கேட்டுக்கறேனே. கடைசியா."

"வேண்டாம்."

"என் அம்மா டாக்டர்." அழுதபடியே சிரித்தாள். அவர் காதிலிருந்து அதை மென்மையாகக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். அதன் முனையை அம்மாவின் நெஞ்சில் வைத்துக் குனிந்தாள்.

சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

நெற்றி சுருங்கியது.

தலை நிமிரவில்லை. கண்கள் மட்டும் நிமிர்ந்தன. அவரைப் பார்த்தன. பார்த்துக்கொண்டே இருந்தன. அவள் கையை விலக்கப் பார்த்தாள், முடியவில்லை. போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்திருந்த ஆர்லீனின் கை, மகளின் கையை நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது.