பச்சைப் பேனாக்காவின் ஷிப்டு

முதல் மாடி ஆண்கள் வார்டுக்கு என்னை மாற்றிய உத்தரவில் "தங்கள் நீண்ட அனுபவத்தைக் கருதி" என்று எழுதியிருந்தார்கள். பதினேழு வருட அனுபவத்தில் எனக்கு மிஞ்சியவை தேய்ந்துபோன இரண்டு முட்டிகளும், நின்றுகொண்டே தூங்கும் திறமையும். இரண்டையும் தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.

பழைய கட்டடம். பகல் இரண்டு மணிக்கும் உள்ளே ஓர் இருட்டு, யாரோ பாதி போர்த்திவிட்டுப் போன மாதிரி கிடந்தது. ஸ்பிரிட் வாசனை, ஈரத்துணி வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று: கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைத் துணியின் வாசனை. கஞ்சி போட்ட சீருடையை நிறுத்தி எட்டு வருடமாகிறது. இப்போது நாங்கள் உடுத்துவது கசங்காத துணி. கசங்குவது நாங்கள் மட்டும்தான்.

முப்பத்தாறு கட்டில்கள். ஒரு நர்ஸ். ஓர் ஆயாம்மா. சுவரில் ஆளுயரப் பலகை ஒன்று: "மருந்துப் பாதுகாப்பே எங்கள் மூச்சு." அதில் ரிப்பன் வெட்டும் மேட்ரனின் படம். பலகையை மாட்ட வேறு இடம் கிடைக்காததால், நோயாளிகள் அழைக்கும்போது எரிகிற விளக்குகளை மறைத்து மாட்டியிருந்தார்கள்.

அந்த ரிப்பன் எதற்கு வெட்டப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஒவ்வொன்றுக்கும் சார்ட்டில் இரண்டு பெட்டிகள் உண்டு. முதல் பெட்டியில் மருந்து கொடுக்கும் நர்ஸின் கையெழுத்து. இரண்டாவதில் ஆள் சரியா, மருந்து சரியா, அளவு, வழி, நேரம் சரியா என்று தனியாகப் பார்த்த இன்னொரு நர்ஸின் கையெழுத்து. அருமையான விதி. பெட்டியைக் கொடுத்தவர்கள் ஆளைக் கொடுக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே வார்டுக்கு வார்டு நாங்கள் இடது கையால் ஒரு கிறுக்கல் போட்டு, இல்லாத தோழி ஒருத்தியை உண்டாக்கிக்கொண்டோம். பழைய வார்டில் என் தோழிக்குச் சிறந்த பணியாளர் சான்றிதழே வந்தது. நான்தான் போய் வாங்கி வந்தேன்.

முதல் நாள் வழக்கம்போல் பேனாவை இடது கைக்கு மாற்றினேன். ஆயாம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் சிஸ்டர். ரெண்டாவது பெட்டிய தொடாதீங்க. அதுவா நெறஞ்சிடும்."

"யாரு போடுவா?"

"போடுவாங்க. நமக்கெதுக்கு?" என்று தரை துடைக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் பார்த்தேன். எல்லாப் பெட்டிகளும் நிறைந்திருந்தன. பச்சை மை. சின்னச் சின்ன, நிமிர்ந்த எழுத்து. கீழே நேரம், என் கைக்கடிகாரத்தோடு ஒரு நிமிடம்கூடப் பிசகாமல். புண்ணியவதி யாரோ வந்து போட்டுவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். களைத்தவர்கள் உதவியின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை.

மூன்றாவது வாரம் ஒரே ஒரு பெட்டி காலியாக இருந்தது. இருபத்திரண்டாம் கட்டில், பகல் பன்னிரண்டு மணி ஊசி. ஏன் என்று தட்டைப் பார்த்தேன். நான் ஏற்றி வைத்த சிரிஞ்ச் அதிலேயே கிடந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு, மருந்தைக் கொடுக்க மறந்திருக்கிறேன்.

அவள் வெறுமனே கையெழுத்துப் போடவில்லை.

பார்த்துவிட்டுப் போடுகிறாள்.

ஆயாம்மாவை மருந்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். "யாரு அது? இப்ப சொல்லியாகணும்."

அவள் துடைப்பக்கட்டையை ஊன்றிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள். "பச்சைப் பேனாக்கா. நீலப் பேனாவ எல்லாம் டாக்டருங்க அமுக்கிட்டுப் போறாங்கன்னு பச்சை வச்சிருப்பாங்க. பதினோரு வருஷம் முன்னால இதே வார்டு, இதே முப்பத்தாறு பேரு, தனி ஆளு. இந்தத் தண்ணி ஆம்பூலு, பொட்டாசியம் ஆம்பூலு, ரெண்டு கண்ணாடிக் குப்பியும் பாக்க ஒண்ணா இருக்கு, பிரிச்சு வைங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தாங்க. யாரு படிச்சா? ஒரு நாள் பவுடர் மருந்து கலக்கறதுக்குத் தண்ணின்னு நெனச்சு..."

மீதியை அவள் சொல்லத் தேவையில்லை. பொட்டாசியத்தைப் பெரிய பாட்டிலில் கலந்து, மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறக்கினால் மருந்து. அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

"பதினஞ்சாம் கட்டில். ஊசி முடியறதுக்குள்ள ஆளு முடிஞ்சிட்டாரு. அக்காவ பாதி ஷிப்டுல ஆபீசுக்குக் கூப்பிட்டு, அப்படியே பின்வாசல் வழியா அனுப்பிட்டாங்க. வார்ட யாருகிட்டயும் ஒப்படைக்கக்கூட விடல. ஆறு மாசத்துல போய்ச் சேந்துட்டாங்க." கொஞ்சம் யோசித்தாள். "எங்க போய்ச் சேந்தாங்கங்கறதுதான் நமக்குத் தெரியுதே."

அதெல்லாம் நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன். அதற்குப் பிறகுதான் சார்ட்டின் இரண்டாவது பெட்டிக்கு ரிப்பன் வெட்டியிருக்கிறார்கள். பொட்டாசியத்தையும் சிவப்பு ஒட்டுப் போட்ட தனிப் பெட்டியில் பூட்டி வைக்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பூட்டு, ஆயாம்மா இதைச் சொன்னதற்கு அடுத்த மாதம்வரை இருந்தது. தரச் சான்றிதழ் கொடுக்க ஒரு குழு வரப்போகிறது என்றதும், முந்தின நாள் மேட்ரன் மருந்து அலமாரியைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, ஒண்ணு உயரம் ஒண்ணு குள்ளம்? ஃபோட்டோல அசிங்கமா விழும். ஒரே மாதிரி இருக்கறத எல்லாம் ஒரே வரிசைல அடுக்கச் சொல்லு." பயிற்சி மாணவிகள் ஆறு பேர், பூட்டியிருந்த பெட்டியையும் காலி செய்து, மாலை முழுக்க அடுக்கினார்கள். அலமாரி கண்காட்சிபோல் இருந்ததாம். நான் அதைப் பார்க்கவில்லை. கீழ் வார்டில் ஆள் வரவில்லை என்று என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். மறுநாள் பகல் இரண்டு மணிக்குக் குழு மாடியேறியபோது, நான் வேலைக்கு வந்து இருபத்தாறு மணி நேரமாகியிருந்தது.

ஒன்பதாம் கட்டிலில் ஒரு தையல்காரர். நெஞ்சுச் சளிக்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலைச் சுற்றி மேட்ரன், குழுத்தலைவர், அவருக்குப் பின்னால் குறிப்பெடுக்கும் இரண்டு பேர், ஒரு புகைப்படக்காரர்.

"என்ன சிஸ்டர், எனக்கு ஊசி போடறதுக்கு இத்தனை பேரா? பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு பேரு வரலையே" என்றார் தையல்காரர். அவர் மனைவி, "சும்மா இருங்களேன், மானம் போகுது" என்று அவர் தொடையில் தட்டினாள்.

நான் ஆம்பூலை எடுத்தேன். கழுத்தை உடைத்தேன். பத்து மில்லியை உறிஞ்சிப் பவுடர் புட்டிக்குள் செலுத்திக் குலுக்கி, கலந்ததை மறுபடி சிரிஞ்சில் எடுத்தேன். கைகள் தாமாகவே செய்தன. நான் எங்கோ தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"சார், எங்க ஆஸ்பத்திரில இரண்டாவது சரிபார்ப்பு இல்லாம ஒரு துளி மருந்து உள்ள போகாது" என்றார் மேட்ரன். "இன்னிக்கு அந்த இரண்டாவது ஆள் நானே." ஆம்பூலை அவர் பார்க்கவில்லை. புகைப்படக்காரரைப் பார்த்தார். தங்க நிறப் பேனாவை எடுத்து இரண்டாவது பெட்டியில் வைத்தார்.

பேனா எழுதவில்லை.

உதறினார். உள்ளங்கையில் கிறுக்கினார். கோடு பளிச்சென்று விழுந்தது. பெட்டியில் வைத்தார். எழுதவில்லை.

குழுத்தலைவர் சிரித்தபடி தன் பேனாவை நீட்டினார். சார்ட்டின் ஓரத்தில் எழுதியது. பெட்டிக்குள் வரும்போது வறண்டது. குறிப்பெடுப்பவரின் பேனாவும் அப்படியே.

"இந்தக் காலத்துப் பேனாவெல்லாம்..." என்று மேட்ரன் சிரிக்கப் பார்த்தார். "சரி, நீ போடும்மா. கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம்."

சிரிஞ்சைத் தையல்காரரின் கையிலிருந்த குழாயில் பொருத்தினேன்.

கஞ்சி வாசனை.

என் வலது தோளுக்குப் பின்னால், மொடமொடவென்று துணி உரசும் ஓசை. அங்கே யாரும் நிற்க இடமில்லை. சுவர்தான்.

காதருகே, மிகக் களைத்த குரலில்:

"படி."

என் கட்டைவிரல் சிரிஞ்சின் பின்புறத்தில் இருந்தது.

"லேபிளைப் படி, தங்கச்சி."

தட்டில் கிடந்த உடைந்த ஆம்பூலைத் திருப்பினேன். சின்ன எழுத்து. பொட்டாசியம்.

கட்டைவிரலை எடுத்தேன். அந்த விரல் என்னுடையதுபோலவே இல்லை. சிரிஞ்சைக் கழற்றித் தட்டில் வைத்தேன்.

"என்னம்மா?" என்றார் மேட்ரன்.

"இது தண்ணி இல்ல மேடம். பொட்டாசியம். போட்டிருந்தா செத்திருப்பாரு."

தையல்காரரின் மனைவி அவர் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். என் வேலை போயிற்று என்று தெரிந்தது. பின்வாசல் எந்தப் பக்கம் என்று யோசித்தேன். மேட்ரனின் முகம் வெளுத்து, சிவந்து, பிறகு மெல்ல மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் அன்றைக்கு நான் கண்டதிலேயே பயங்கரம்.

"பாத்தீங்களா சார்! இதைத்தான் நாங்க சிஸ்டம்னு சொல்றது. வேணும்னே தப்பான மருந்தை வச்சு, சரிபார்ப்பு வேலை செய்யுதான்னு உங்களுக்கு நேர்ல காட்டணும்னு நினைச்சோம்."

குழு கைதட்டியது. நூற்றுக்கு நூறு.

அவர்கள் போனதும் புது ஆம்பூலை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். தையல்காரரிடம் பெயரைக் கேட்டேன். "காலைலதானே கேட்டீங்க?" என்றவர், பெயரை இரண்டு முறை சொன்னார். மருந்தை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது இரண்டாவது பெட்டியில் பச்சை மை மினுங்கிக்கொண்டிருந்தது.

பொட்டாசியத்தை நானே மறுபடி பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் பதில் வந்தது: "தங்கள் வார்டில் இரண்டாவது சரிபார்ப்பு நூறு சதவீதம் நடைபெறுவதைப் பதிவேடுகள் காட்டுகின்றன. ஆகவே கூடுதல் பணியாளர் தேவை எழவில்லை."

அந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஆயாம்மா மேசையின் அடி இழுப்பறையிலிருந்து பழைய பொறுப்பு ஒப்படைப்புப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். வார்டை வாங்கிக்கொள்ள அடுத்த நர்ஸ் வந்து அதில் கையெழுத்துப் போடாமல், இருக்கிற நர்ஸ் நகரக் கூடாது. அதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி.

கடைசிப் பக்கத்தில் முப்பத்தாறு கட்டில்கள், முப்பத்தாறு வரிகள், பச்சை மையில். பதினைந்தாம் வரியில் பெயர் மட்டும். கீழே, ஒப்படைப்பவர்: அதே சின்ன, நிமிர்ந்த கையெழுத்து. ஏற்றுக்கொள்பவர்: காலி.

தேதி இன்றையது.

தொட்டேன். விரலில் மை ஒட்டியது.

"ஒரு கையெழுத்துதான் சிஸ்டர்" என்று ஆயாம்மா கிசுகிசுத்தாள். "நீங்க போட்டா அவங்க வீட்டுக்குப் போயிடலாம்."

"முன்னால இருந்த சிஸ்டருங்க?"

"எல்லாருக்கும் காட்டினேன். எல்லாரும் பாத்துட்டு மூடி வச்சிட்டாங்க."

பேனாவைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். முப்பத்தாறு கட்டில்கள். ஒன்பதாம் கட்டிலில் தையல்காரர், மறுநாள் வீட்டுக்குப் போகப்போகிறவர், பக்கத்துக் கட்டில்காரரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு மணி நேர ஷிப்டு மறுபடி வரும். அலமாரியை யாராவது மறுபடி அழகாக அடுக்குவார்கள்.

பேனாவை மூடினேன்.

"இன்னும் ஒரு மாசம் அக்கா" என்றேன், யாரும் இல்லாத பக்கம் பார்த்து. "ஆள் கேட்டிருக்கேன்." கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது.

 இன்னொரு ஷிப்டும் சேர்த்துப் பார்த்துவிடு என்று மேட்ரன் சொல்லும்போது எனக்குள்ளிருந்து வருமே, அதே நீண்ட பெருமூச்சு, என் பக்கத்தில் எழுந்து அடங்கியது.

பிறகு துணி மொடமொடத்தது. பக்கத்து நாற்காலி மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. ஆறு மணி மருந்துத் தள்ளுவண்டியின் அருகே, ஒரு பேனாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.