கேள்வி கேட்க ஓர் ஆள்

அரியாலையில், சொந்தக் கிணற்றில், முகம் குப்புற மிதந்தார் ஏர்னெஸ்ட்.

கண்டு கத்தியது பக்கத்து வீட்டு மேர்சி.

கத்தாமல் நின்றது அவருடைய மனைவி தேவகுமாரி.

பொலிசுக்கு அது போதுமாயிருந்தது. கணவரைத் தள்ளிக் கொன்றதாக வழக்கு!

மேல் நீதிமன்றம். இடைவேளை.

அரச தரப்புச் சாட்சிகள் முடிந்துவிட்டார்கள். தள்ளியதைக் கண்டவர் ஒருவருமில்லை. தலைக் காயம்... வழுக்கி விழுந்தாலும் வரும்.

தேவகுமாரியின் சட்டத்தரணி வித்தியா குரலைத் தாழ்த்தினாள்.

"அன்ரி, வழக்கு இப்ப எங்கடை பக்கம். நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் வீட்டை போகலாம்."

"வீட்டை ஆர் இருக்கினம்?"

வித்தியா வழக்குக் கட்டைப் புரட்டினாள்.

"கட்டாயம் கதைக்கவேணுமெண்டால் உங்களை நிப்பாட்டின எதிரிக் கூண்டிலையே நிண்டு சொல்லுங்கோ. சத்தியம் செய்யத் தேவையில்லை. ஒருத்தரும் உங்களைக் கேள்வி கேக்க ஏலாது."

"சாட்சிக் கூண்டிலை ஏறினால்?"

"அரச சட்டத்தரணி சிவரூபன் கேப்பார். துருவித் துருவிக் கேப்பார்."

"எவ்வளவு நேரம்?"

"அவர் நினைச்ச மட்டும்."

தேவகுமாரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அப்ப நான் அதிலை ஏறுறன், பிள்ளை."

"அன்ரி, விசர்க்கதை கதையாதேங்கோ..."

மன்று மறுபடி கூடியதும் அவள் ஏறிவிட்டாள். வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியமும் செய்துவிட்டாள்.

வித்தியா பெயரையும் விலாசத்தையும் மட்டும் கேட்டுவிட்டு அவசரமாக அமர்ந்தாள்.

சிவரூபன் எழுந்தான். கொலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அம்மா, காலமை சாப்பிட்டனீங்களோ?"

அவள் கண் கலங்கியது.

"ஓம் தம்பி. புட்டும் வாழைப்பழமும்."

"வீட்டிலை நீங்களும் ஐயாவும் மட்டுமோ?"

"ஓம்."

"என்ன கதைப்பியள்?"

"அவர் கதைக்கிறேல்லை. ஒருக்கா சொதியிலை உப்புக் கூடிப்போச்செண்டு சண்டை. அண்டைக்கு மூடின வாய். நாயோடை கதைப்பார். ரேடியோவோடை சண்டை பிடிப்பார். என்னோடை இல்லை."

"உங்கடை சமையலைச் சாப்பிட்டவரோ?"

"ஒரு பருக்கை மிச்சம் வையார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"அண்டைக்குக் கிணத்தடியிலை என்னம்மா நடந்தது?"

வித்தியா வேண்டாமென்று தலையாட்டினாள். தேவகுமாரி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"முகம் கழுவிக்கொண்டு நிண்டார். இஞ்சை பாருங்கோப்பா எண்டன். பாக்கேல்லை. தள்ளினாலாவது ஏதும் சொல்லுவார் எண்டு..."

சிவரூபன் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தான்.

"சொன்னவரோ?" சிவரூபனின் குரல் மெல்ல வந்தது.

"ஓம் தம்பி. குமாரி, கயிறு போடு எண்டவர். எத்தினை தரம்... குமாரி, குமாரி எண்டு."

அவள் முகம் மலர்ந்திருந்தது.

"போட்டனீங்களோ?"

"போட்டால் ஏறி வந்திடுவார். வந்தாப்பிறகு ஆர் என்னோடை கதைக்கிறது? கிணத்துக்கட்டிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தன்... சத்தம் நிக்குமட்டும்."

வித்தியா முகத்தை மூடிக்கொண்டாள்.

"வேறு கேள்விகள் இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

சிவரூபன் அமர்ந்தான்.

தேவகுமாரி கூண்டின் விளிம்பை விடவில்லை.

"என்ன தம்பி, இருந்திட்டீங்கள்? நான் இப்பதானே கதைக்கத் தொடங்கினனான்."