இடதுகைத் தையல்

செம்பூரில் அந்தப் பழைய பங்களாவுக்கு ஞானதுரை கோட்டு மாட்டிக்கொண்டு வந்தபோது பகல் பதினோரு மணி. ஆனால் ஜூன் மழையில் வீட்டுக்குள் சாயங்காலமாகியிருந்தது. ஈரச் சுவர், பாச்சை உருண்டை வாசனை. மேசைமேல் ஒரு வெள்ளைக்காரியின் கறுப்புப் பட்டு கவுன், தலையில்லாமல் சாய்ந்து உட்கார்ந்தாற்போல் கிடந்தது.

அதைவிட மோசமான காட்சி பக்கத்தில் நின்றது. சேசுராஜ். கழுத்தில் பூதக்கண்ணாடி.

இருவரும் தாராவியில் ஒரே கடையில் காஜா எடுத்துப் பழகியவர்கள். விக்டோரியா ராணி காலத்து உடுப்பென்றால் தடவியே வருஷம் சொல்வார்கள். 'புரொபசர்' பட்டம் மட்டும் சேசுராஜுக்குப் போனது. எட்டு வருஷமாக ஞானதுரைக்கு நெஞ்செரிச்சல். இன்று சரியான வருஷம் சொல்பவருக்கே தன் நாடக உடைக் கிடங்கின் பொறுப்பு என்றிருந்தார், நாற்காலியில் உட்கார்ந்திருந்த நஜிமுதீன் பாய்.

"ஆயிரத்தெண்ணூத்தி அம்பத்தஞ்சு, பாய்," என்றார் சேசுராஜ், பிரசங்க பீடத்தில் நிற்பவர்போல். "முழுக்கக் கைத்தையல். மிஷின் பரவுனது அதுக்குப் பொறவுதான்."

"கிழிச்சீரு. எழுபது!" என்றார் ஞானதுரை.

"ஒரே ஒரு மிஷின் தையல் காட்டும், வே. கடையைக் கட்டிட்டுப் போயிருதேன்."

"சாப்பிட்டு வந்து பார்ப்போம்," என்று பாய் எழுந்தார். புரொபசர் பின்னாலேயே போனார். ஞானதுரை தன் டிபன் பாக்ஸோடு தங்கிவிட்டார்.

கவுனைப் புரட்டினார். ஐம்பத்தைந்தேதான். அதுதான் எரிந்தது. உள்பக்கம் யாரோ ஒருத்தி இடுப்பை மூன்று வரிசை பிடித்துக் குறுக்கியிருந்தாள். தையலெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது, இடதுகைக்காரி. எந்த மெல்லிடையாளைப் பார்த்து வயிறெரிந்தாளோ!

மூலையில் ஒரு கைமிஷின் இருந்தது. மூன்றாவது வரிசையைப் பிரித்துவிட்டு அங்கே மிஷின் ஓட்டினால் பாய் எழுபதென்று நம்பிவிடுவார். பிரிந்துவராத கடைசி முடிச்சை, தையற்காரர் பழக்கத்தில் பல்லால் கடித்தார்.

நூல் வெதுவெதுப்பாக இருந்தது.

மிஷினை ஓட்டி முடித்தார். மூடியும் வைத்தார்.

டப்.

டப்.

இழுத்துப் பிடித்த பட்டில் ஊசி ஏறும் சத்தம். காதோரம் ஒரு மூச்சு. கொக்கி மாட்டுவதற்காக வயிற்றை எக்கும் பெண்ணின் மூச்சு. உள்ளே போனது, வெளியே வரவில்லை.

பாயும் சேசுராஜும் திரும்பி வந்தார்கள்.

"காட்டும், வே."

ஞானதுரை கவுனைப் புரட்டினார். மிஷின் தையலைக் காணோம். மூன்றாவது வரிசையும் கைத்தையல்தான். சாய்ந்து, நெருக்கமாக, கோபமாக.

"சேசு, கிடங்குச் சாவி உங்களுக்குத்தான்," என்றார் பாய்.

"வே, ஏன் இப்படி மூச்சு வாங்குது உமக்கு?" என்றார் சேசுராஜ், வெற்றிபெற்றவனின் கருணையோடு. "கோட்டைக் கழத்தும். பொறாமையில ஊதிட்டீரோ?"

கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. கோட்டின் உள்பக்கம், இடுப்பில், கறுப்புப் பட்டுநூலில் மூன்று வரிசை.

வீட்டுக்கு வந்ததும் மூன்றையும் பிரித்தெறிந்துவிட்டு, கோட்டை ஆணியில் மாட்டினார். காலையில் அதைக் கையில் எடுத்த மனைவி லூர்து மேரியின் முகம் கறுத்தது.

"இது பொம்பளைத் தையலால்லா இருக்கு. யாரு அவ?"

ஞானதுரை எட்டிப் பார்த்தார். மூன்று வரிசையும் அப்படியே இருந்தன.

நாலாவது பாதியில் நின்றிருந்தது. குத்திய ஊசியில் நூல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.