தூரம் சொன்ன குரல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, மாசி மாதம். நானும் என் மனைவி பரிமளமும் மலையடிவாரத்துப் பலாபத்தலையில் காலை பஸ்ஸிலிருந்து இறங்கினோம். அவள் காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்காகச் சிவனொளிபாதமலைக்கு நேர்ந்திருந்தோம். எனக்கு நிவித்திகலவில் புடவைக் கடை. முப்பது தடவை மலையேறிய தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவரை அங்கேயே வழிகாட்டியாகப் பிடித்தேன். பெயர் இருளப்பன்.

காட்டுக்குள் ஈர இலை வாடை. அவர் பரிமளத்துக்கு ஒரு கம்பு வெட்டிக் கொடுத்து, அவள் நடைக்கேற்ப மெதுவாகவே நடந்தார். நானோ நூறடிக்கு ஒருமுறை, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தூரம் மட்டும் சொல்லவே மாட்டார்.

"சாமிய நெனச்சுக்கிட்டு வாங்க, மொதலாளி" என்பார்.

வழியிலிருந்த யாத்திரிகர் மடத்தில், நாலு பேர் முன்னால் அவரை விரட்டினேன். வழி தெரியாதவன் எனக்கெதற்கு, போய்க் கொழுந்து பறி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் தலைகுனிந்து சொன்னார். "இந்த மலையில தூரம் கேக்கக் கூடாதுங்க. மனுசங்க சொல்ல மாட்டாங்க. வேற ஏதாவது சொல்லிரும்."

நடுப்பகலில் மூடுபனி இறங்கியது. சில்வண்டுச் சத்தம் நின்றுபோனது. பத்தடி முன்னால் பரிமளத்தின் வெள்ளைச் சேலை மட்டும் தெரிந்தது.

களைப்பில் வாய்விட்டுக் கேட்டேன், இன்னும் எவ்வளவு தூரமோ என்று.

"இந்தா, கொஞ்சந்தான்."

பதில் அவளுக்கும் முன்னாலிருந்து வந்தது.

அது என் குரல்.

என் வாய் மூடியிருந்தது.

"இதோ வாறேங்க" என்று பரிமளம் நடையை எட்டிப் போட்டாள். கூப்பிடப் பார்த்தேன். குரல் எழவில்லை.

"வா. வந்திருச்சு."

பின்னாலிருந்து யாரோ என்னை இடித்துக்கொண்டு ஓடி, அவள் கையைப் பற்றி இழுத்தார். இருளப்பன். விரட்டிய பிறகும் எங்கள் கண்ணில் படாமல் பின்தொடர்ந்து வந்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. எழுதவே கூசுகிறது.

"கைய எடுடா" என்றேன்.

எடுத்தார். பனி சற்று விலகியது. அவள் பாதத்துக்கு ஒரு முழம் அப்பால் நிலமே இல்லை.

இருளப்பன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். உச்சிக்குக் கூட்டிப்போய், பத்திரமாக இறக்கி, பஸ் புறப்படும்வரை நின்றார். மன்னிப்புக் கேட்க மனம் அடித்துக்கொண்டது. முதலாளி என்ற நினைப்பு விடவில்லை.

ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. பிறகு அவரைத் தேடிப் புறப்பட்டேன். எந்தத் தோட்டம் என்றுகூட அவரிடம் நான் கேட்டிருக்கவில்லை. ஓப்பநாயக்க பக்கம், நான் தேடிப்போன ஏழாவது தோட்டத்தில், தேயிலைச் சரிவில் தூறல் பிடித்துக்கொண்டது. வெள்ளையாகப் பனி மூடியது.

"இருளப்பா, எங்கப்பா இருக்க?" என்று தழுதழுத்தேன்.

கீழே, பள்ளத்திலிருந்து, அதே பணிவான குரல் கேட்டது.

"இங்கதான், மொதலாளி. இந்தா, கொஞ்ச தூரந்தான்."

ஒரு அடி வைத்துவிட்டேன்.

பிறகு, அருகிலிருந்த தேயிலைச் செடியை இரு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இருளப்பன் ஒருநாளும் தூரம் சொன்னதில்லை.