பச்சைத் துணி கட்டிய கம்பு

படகில் கால் வைத்ததுமே ஜெயகுமாரின் மூக்கில் அந்த நாற்றம் ஏறியது. அழுகிய கதம்பை. தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயல் சேற்றில் புதைத்து, அழுகியபின் எடுத்து அடித்து நார் பிரிப்பார்கள். பெண்கள் வேலை. அவன் அம்மா அதைச் செய்துதான் அவனை வளர்த்தாள். அவள் பிசைந்து ஊட்டிய சோற்றிலும் அந்த வாடை இருந்தது.

"இங்க இப்பமும் கதம்பை போடுதாங்களா?"

படகோட்டி பிரபின் சிரித்தான். "எவிடே அண்ணா! நான் பொறக்கதுக்கு முன்னயே நிறுத்தியாச்சு. எனக்கு ஒரு மணமும் வரலியே."

கழக்கூட்டத்துக் கம்பெனி ஒன்றின் ஆட்களைச் சனிக்கிழமை காயல் நடுவே இருக்கும் பண்டகத்துருத்துத் தீவுக்குக் கூட்டிப்போக வேண்டும். நன்றாக முடிந்தால் வருஷம் முழுக்க அவர்களுடைய பயணமெல்லாம் ஜெயகுமாருக்கு. இல்லையென்றால் தன் சுற்றுலா வேனை விற்கவேண்டியதுதான். இடத்தைப் பார்த்துவைக்க வந்திருந்தான். பள்ளி விடுமுறை என்று மகள் ஜானவியும் தொற்றிக்கொண்டாள். ஆறு வயது. தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்லுவாள்.

தீவில் ஆளில்லை. கப்பல் சரக்கு வைத்த பழைய கிட்டங்கியின் சுவர்கள், பூட்டிய சிறு கோயில், அசையாத மரங்கள். சாப்பாட்டு இலை போட எங்கே நிழல், கை கழுவ எங்கே தண்ணீர் என்று பார்த்துக்கொண்டே அவன் கரையைச் சுற்றி வந்தான். பெரிய படகு அணைய ஆழம் ஓரிடத்தில்தான் இருந்தது.

அங்கே தண்ணீருக்குள் ஒரு கம்பு நின்றது. தலையில் பச்சைச் சேலைத் துண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு நூல்கூட இற்றுப்போகவில்லை.

அவனுக்குத் தெரியும். கதம்பை புதைத்தவள் தன் சேலையைக் கிழித்து அடையாளக் கம்பு நடுவாள். மற்றவள் தொடமாட்டாள். புதைத்தவள் இடையில் செத்துப்போனால் கம்பு தானாக மக்கி விழும்வரை நிற்கவேண்டும். யாராவது பிடுங்கினால், பிடுங்கியவள்தான் அந்தக் குவியலை அடித்துத் தீர்க்கவேண்டும். அவன் அம்மா காய்ச்சலோடும் கழுத்தளவுத் தண்ணீரில் சுற்றிப் போவாள், செத்தவள் கம்பின் பக்கம் போகமாட்டாள்.

"சும்மா ஒரு கம்பு அல்லே, வலிச்சுப் பிடுங்கி எறியுங்கோ" என்றான் பிரபின்.

படகு அணைய வேறு இடமில்லை. ஜெயகுமார் இறங்கிப் பிடித்து இழுத்தான். தோள் விண்ணென்று தெறித்தது. கம்பு அசையவில்லை.

"ஞானும் பிடிக்கட்டே அப்பா?"

கரைப் படியிலிருந்து எட்டி ஜானவி ஒரு விரலை வைத்தாள்.

கம்பு வந்துவிட்டது. ஜெயகுமார் அதை ஓரமாக எறிந்தான்.

அடியிலிருந்து குமிழிகள் ஏறின. அவர்கள் படகேறிப் போகும்வரை நிற்கவில்லை.

அன்று கரமனையில் அவன் வீட்டில் அந்தி விளக்கேற்றும் நேரம். கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டது.

தட்.

தட்.

அந்தத் தாளம் அவனுக்கு எலும்புவரை தெரியும். ஓடினான். துவைகல்லின்மேல் ஒரு தேங்காய் மட்டையை வைத்து, குழவியால் ஜானவி அடித்துக்கொண்டிருந்தாள். ஈர மட்டையைத் திருப்பிப்போட்டு அடிக்கும் அந்த விதத்தை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

"யாரு மக்களே இத செய்யச் சொன்னது?"

"ஆ சேச்சி."

அந்த அக்கா என்று அவள் காட்டிய மூலையில் யாருமில்லை. தரையில் மட்டும் கறுத்த தண்ணீர் தேங்கியிருந்தது.

"என்ன நாத்தம் இது? சாக்கடை பொட்டிச்சோ?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள் அவன் மனைவி நீது. மகளின் கையைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

குழவியைப் பிடுங்கி, அவளை உள்ளே தூக்கிப்போய்க் கட்டிலில் கிடத்தினார்கள். வெறும் கை கட்டில் சட்டத்தில் அடித்தது. கையைப் பிடித்துக்கொண்டார்கள். குதிகால் அடித்தது.

விடிந்ததும் ஜெயகுமார் பிரபினை எழுப்பித் தீவுக்குப் போனான். எறிந்த கம்பு படியோரம் மிதந்துகொண்டிருந்தது. பழைய குழியிலேயே அதை ஊன்றினான். சேறு அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சொன்னான்:

"பிடுங்க வந்தது நான். நான் அடிக்கேன். பிள்ளைய விட்ரு."



கரையேறி, கம்பெனிக்குப் போன் செய்து பயணம் இல்லை என்றான். அவர்கள் கத்தியதை முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தான். அதற்குள் நீது அழைத்தாள்.

"நிறுத்திட்டா. கஞ்சி வேணும்னு கேட்டு வாங்கிக் குடிச்சா. இப்பம் தூங்குதா." அவள் அழுதாள்.

அவனும் அழுதான். பாதி வழி வந்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஜானவி கஞ்சியைக் கண்டாலே ஓடுகிறவள். கதம்பை அடிக்கிற பெண்கள் நடுவில் கை ஓய்வது ஒன்றுக்குத்தான். கஞ்சி குடிக்க.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை விரித்துப் பார்த்தான். கொப்புளம் இல்லை. அந்த இடத்தில் தடித்த மஞ்சள் காய்ப்பு, அவன் அம்மாவின் கையில் இருந்தது போல.

ஜானவி திரும்பினாள். அவள் வாயில் ஒருநாளும் வராத தமிழ் வந்தது.

"நீ ஆம்பள. ஒனக்கு இது வராது மக்களே. இந்தக் கை போதும்."

விரல்கள் மடங்கின. அந்தக் கை அவன் முழங்காலின்மேல் மெல்ல விழுந்தது.

தட்.